கமோடோர் கோபால் ராவ் நினைவுக் கல்: வாசகம், படம், கல் வேலை பற்றிச் சரிபார்க்க வேண்டும்

நூலக_அறை
வணக்கம். சென்னையில் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் தள்ளியுள்ள ஒரு குடியிருப்பு நூலகத்தின் வெளிச்சுவரில், 1971 போரின் மகாவீர் சக்ரா வீரர் கமோடோர் கே.பி. கோபால் ராவ் அவர்களுக்கு நினைவுக் கல் பதிக்கிறோம். டிசம்பர் 4, கடற்படை நாளன்று திறப்பு. கல்லின் அளவு 90 செ.மீ. × 60 செ.மீ. வாசகத்தின் வரைவு இது:

"1971 டிசம்பர் 4 அன்று கமோடோர் கோபால் ராவ் தமது கில்தான் கப்பலிலிருந்து ஏவுகணைகளை ஏவி, பாகிஸ்தானின் இரண்டு நாசகாரிக் கப்பல்களை மூழ்கடித்து, கராச்சி துறைமுகத்தை அழித்தார்."

மேலே அசோகச் சின்னம், பக்கத்தில் கில்தான் கப்பலின் படம். திறக்கும்வரை தேசியக் கொடியால் மூடி வைப்பதாகத் திட்டம். தவறு இருந்தால் கல்லில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.

நங்கூரம்
நல்ல வேளை, முன்னாலேயே கேட்டீர்கள். அந்த ஒரு வாக்கியத்தில் நான்கு இடங்களில் திருத்தம் வேண்டும்.

முதலாவது, ஏவுகணை. பழைய கில்தான் சோவியத் நாட்டில் கட்டிய பெட்யா வகைக் கப்பல், நம் கடற்படையில் அர்னாலா வகுப்பு என்பார்கள். நீர்மூழ்கி வேட்டைக்காகவே செய்தது. இரட்டைக் குழல் 76 மி.மீ. பீரங்கி மேடை இரண்டு, நீர்மூழ்கி எதிர்ப்பு ராக்கெட் ஏவிகள், 533 மி.மீ. டார்பிடோக் குழாய் மூன்று. இவ்வளவுதான் ஆயுதம். கப்பலைத் தாக்கும் ஏவுகணை அதில் கிடையாது.

அன்றிரவு ஏவுகணை வைத்திருந்தவை மூன்று சிறிய படகுகள்: நிபாத், நிர்காத், வீர். ஓசா வகை. ஒவ்வொன்றிலும் ஸ்டிக்ஸ் ஏவுகணை நான்கு. அவற்றோடு போன இரண்டு பெரிய கப்பல்கள் கில்தானும் கட்சாலும். அவை எதற்குப் போயின என்பதில்தான் கோபால் ராவின் பணியே அடங்கியிருக்கிறது. ஓசா படகு 39 மீட்டர்கூட வராது. கரையோரக் காவலுக்கென்று செய்தது, நெடுந்தூரம் ஓடும் எரிபொருள் கொள்ளளவு அதற்கு இல்லை. அதைக் கராச்சி வாசல்வரை கொண்டுபோவதென்றால் நீர்மூழ்கியிலிருந்து காக்க ஒரு கப்பல் வேண்டும், இலக்கைக் கண்டு சொல்ல வேண்டும், ஏதாவது படகு பழுதாகி நின்றால் மீட்டுக் கொண்டுவரவும் வேண்டும்.

இரண்டாவது, பதவி. 1971 டிசம்பரில் அவர் கமாண்டர். கமோடோர் பிற்பாடு வந்த பதவி. பெயர் வரியில் கமோடோர் என்று போடலாம், சம்பவ வரியில் போடக் கூடாது.

மூன்றாவது, நாள். டிசம்பர் 4-5 இரவு என்று எழுதுங்கள். பகல் முழுக்கக் கராச்சிக்கு ஏறத்தாழ 250 கடல் மைல் தள்ளி, எதிரி விமானக் கண்காணிப்புக்கு எட்டாமல் நின்றுவிட்டு, இருட்டிய பிறகுதான் உள்ளே நுழைந்தார்கள். எதிரி விமானங்களுக்கு இரவில் கடலில் கப்பலைத் தேடித் தாக்கும் திறன் குறைவு என்பதுதான் அந்த நேரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம்.

நான்காவது, "கராச்சியை அழித்தார்". இதை எடுத்தே விடுங்கள். துறைமுகம் அழியவில்லை. அழியவில்லை என்பதால்தான் டிசம்பர் 8-9 இரவு இரண்டாம் தாக்குதலே நடந்தது. அது பைதான் நடவடிக்கை. வினாஷ் ஏவுகணைப் படகும் தல்வார், திரிசூல் போர்க்கப்பல்களும் போனது அதில்தான். கில்தான் போனது முதல் தாக்குதலான டிரைடென்ட் நடவடிக்கைக்கு.

நூலக_அறை
மிக்க நன்றி ஐயா. ஆனால் "இரண்டு நாசகாரி" என்ற எண்ணிக்கையையும் மாற்ற வேண்டுமா? அது நாங்களாக எழுதியதில்லை. விருதுப் பாராட்டுரையிலேயே அப்படித்தான் இருக்கிறது. அரசே சொன்னதை நாம் எப்படி மாற்றுவது?

அரசிதழ்_தேடி
இந்த இடத்தில் நிதானமாக யோசிக்க வேண்டும். பாராட்டுரை அவருடைய வீரத்துக்கு அரசு தந்த சான்று. ஆனால் அது போர் முடிந்த சூட்டில் எழுதியது, எதிரித் தரப்பு இழப்பின் முழு விவரம் கைக்கு வரும் முன் எழுதியது. அதில் இரண்டு நாசகாரியும் ஒரு கண்ணிவாரியும் (கடல் கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல்) மூழ்கியதாக இருக்கிறது. பிறகு உறுதியானது: கைபர் என்ற நாசகாரி, முஹாஃபிஸ் என்ற கண்ணிவாரி, வீனஸ் சேலஞ்சர் என்ற சரக்குக் கப்பல். ரேடாரில் ஒரு பெரிய புள்ளியாகத்தான் எல்லாம் தெரியும். இரவில் 30 கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் புள்ளி போர்க்கப்பலா சரக்குக் கப்பலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பொய் சொன்னதாக யாரும் நினைக்க வேண்டாம்.

ஆகவே இரண்டே வழி. பாராட்டுரையை மேற்கோள் குறிக்குள் அப்படியே, விருது அறிவிப்பிலிருந்து என்ற குறிப்போடு போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சொந்த வாக்கியமாக எழுதி எண்ணிக்கையைத் தவிருங்கள். பாதி மேற்கோளும் பாதி சொந்தச் சொல்லும் கலந்தால் யார் சொன்னது என்றே தெரியாமல் போகும். 90 × 60 கல்லில் முழுப் பாராட்டுரைக்கு இடமும் இருக்காது. நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

எண்ணெய்க் கிடங்குத் தீயையும் கல்லில் ஏற்ற வேண்டாம். நிபாத் ஏவிய ஏவுகணை கராச்சி துறைமுகத்தின் கியமாரி எண்ணெய்த் தொட்டிகளை நோக்கிப் போனது உண்மை. ஆனால் விமானப்படையின் ஹண்டர் விமானங்களும் அதே தொட்டிகளைத் தாக்கின. எந்தத் தீ யாருடையது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

தலைமை பற்றியும் ஒரு வார்த்தை. "தாக்குதலுக்குத் தலைமை தாங்கினார்" என்று மட்டும் எழுதினால் யாதவ் அவர்களின் பங்கு மறைந்துபோகும். ஏவுகணைப் படகுகளின் 25-ஆவது பிரிவுக்குத் தலைவர் கமாண்டர் பப்ரு பான் யாதவ். அன்றிரவு நிபாத்தில் இருந்தார். அவருக்கும் மகாவீர் சக்ரா. படகுத் தலைவர்கள் மூவருக்கும் வீர் சக்ரா: நிபாத்தில் கவினா, நிர்காத்தில் சர்மா, வீரில் மேத்தா. கோபால் ராவ் பற்றிய பாராட்டுரை "சிறு பணிக்குழு ஒன்றை வழிநடத்தினார்" என்ற பொருளில் சொல்கிறது. அந்த அளவோடு நிற்பதே சரி. ஒருவரை உயர்த்துவதற்காக இன்னொருவரின் பங்கை எடுத்துவிடக் கூடாது.

அலைவரிசை
நேரமும் போடலாமே? கைபர் மீது முதல் ஏவுகணை பட்ட நேரம் இரவு 10:45 என்று படித்திருக்கிறேன்.

அரசிதழ்_தேடி
வேண்டாம். இந்திய நேரத்துக்கும் பாகிஸ்தான் நேரத்துக்கும் அரை மணி வித்தியாசம். அதனால் ஒரே சம்பவத்துக்கு இரண்டு நேரம் நூல்களில் புழங்குகிறது. "டிசம்பர் 4-5 இரவு" என்றால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

சிறுகப்பல்
படத்தைப் பற்றிச் சொல்கிறேன். இணையத்தில் கில்தான் என்று தேடினால் முதலில் வருவது புதிய கப்பல். 2017 அக்டோபர் 16 அன்று விசாகப்பட்டினத்தில் பணியில் சேர்ந்தது, பக்கவாட்டில் பி30 என்று எழுதியிருக்கும், நீளம் 109 மீட்டர். 1971-இல் இருந்தது பி79. நீளம் 82 மீட்டர், மெலிந்த உடல், கூடு போன்ற பின்னல் கம்பம். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி: பின்பக்கம் ஹெலிகாப்டர் மேடை தெரிந்தால் அது புதியது. பழையதில் அந்த இடத்தில் பின் பீரங்கி மேடை இருக்கும்.

எண்ணை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். கட்சால் பி81. மங்கிய கறுப்பு வெள்ளைப் படத்தில் 9-உம் 1-உம் குழம்பும். ஒரே வகுப்புக் கப்பல்கள் என்பதால் உருவமும் ஒன்றாகவே இருக்கும்.

கல்லில் ஒளிப்படம் வேண்டாம் என்பது என் கருத்து. பக்கவாட்டுக் கோட்டோவியம் போதும். 1:200 அளவில் கில்தான் 41 செ.மீ. வரும், கல்லின் கீழ்ப்பகுதியில் அழகாக உட்காரும். அதே அளவில் ஓசா படகு 19 செ.மீ. இரண்டையும் அருகருகே வரைந்தால், இவ்வளவு சிறிய படகை எவ்வளவு தூரம் கூட்டிப் போனார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரியும். இரண்டு படமும் ஒரே அளவு விகிதத்தில் இருக்க வேண்டும். ஓவியர் அழகுக்காகப் படகைப் பெரிதாக்கிவிடுவார், கவனம். ஓசாவை அடையாளம் காட்டுவது பக்கத்துக்கு இரண்டாக நிற்கும் நான்கு ஏவுகணைக் கூடுகள். முன்னால் ஒரு 30 மி.மீ. பீரங்கி மேடை, பின்னால் ஒன்று. கோட்டின் தடிமன் 1.5 மி.மீ.க்குக் குறைந்தால் கல்லில் நிற்காது. கைப்பிடிக் கம்பி, ஆன்டெனாக் கம்பியெல்லாம் விட்டுவிடுங்கள்.

கொடிமரம்
அந்த ஓவியத்தில் கொடி வரைவீர்களானால் கவனியுங்கள். இன்றைய கடற்படைக் கொடியை 1971 கப்பலில் ஏற்றிவிடுவார்கள். எண்கோணச் சின்னம் உள்ள கொடி 2022 செப்டம்பர் 2-இல் வந்தது. 1950 முதல் 2001 வரை இருந்தது வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவைக் கோடு, மேல் மூலையில் மூவர்ணம். கோடுகள் சந்திக்கும் இடத்தில் எந்தச் சின்னமும் கிடையாது. அசோகச் சின்னம் அங்கே சேர்ந்தது 2004-இல். 41 செ.மீ. ஓவியத்தில் கொடி 1 செ.மீ.கூட வராது என்பதால், அதற்குள் விவரம் செதுக்க முயலாமல் வெறும் கொடி வடிவம் மட்டும் காட்டினால் போதும்.

இனி உங்கள் திட்டத்தில் இரண்டு விஷயம், இரண்டையும் கைவிட வேண்டும்.

தேசியக் கொடியால் கல்லை மூடுவது கொடி விதிகளுக்கு மாறானது. சிலை, நினைவுச்சின்னம், மேடை எதையும் மூடும் துணியாகக் கொடியைப் பயன்படுத்தக் கூடாது. அரசு மரியாதை, படை மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்கில் மட்டும்தான் போர்த்தும் துணியாக அனுமதி. அப்போதும் காவி தலைப்பக்கம் இருக்கும், கொடி உடலோடு எரியவோ புதையவோ கூடாது. திறப்புக்கு ஒரு கடல்நீலத் துணி போதும். கொடியைத் தனியாக ஒரு கம்பத்தில் ஏற்றுங்கள்.

அசோகச் சின்னமும் போடக் கூடாது. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது அரசின் முத்திரை, அனுமதியில்லாமல் தனிச் சங்கங்கள் பயன்படுத்த முடியாது. கடற்படையின் இலச்சினையும் அப்படியே, எழுதி அனுமதி வாங்காமல் வேண்டாம். ஒரு எளிய நங்கூரம் வரையுங்கள். அது எல்லாக் கடலோடிக்கும் பொது.

நூலக_அறை
இரண்டையும் எடுத்துவிட்டோம். அவர் பதக்கம் அணிந்த படம் ஒன்றை நூலகத்தின் உள்ளே மாட்டப் போகிறோம். குடும்பத்தாரிடம் எழுத்தில் ஒப்புதல் கேட்டிருக்கிறோம். அந்தப் படத்தில் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

கொடிமரம்
இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய நெகட்டிவைத் திருப்பி வைத்து ஸ்கேன் செய்தால் முகத்தில் தெரியாது, பதக்கத்தில் தெரிந்துவிடும். மகாவீர் சக்ராவின் நாடா பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. அணிபவரின் இடது தோள் பக்கம் ஆரஞ்சு வர வேண்டும். அதாவது பார்க்கும் நமக்கு வெள்ளை இடப்புறம், ஆரஞ்சு வலப்புறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஆரஞ்சு சாம்பலாகத் தெரியும், வெள்ளை பளிச்சென்று இருக்கும். பதக்கங்கள் அவருடைய இடது மார்பில் இருக்க வேண்டும், சட்டைப் பொத்தான் வரிசையும் சரியாக இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் படம் சரி.

வண்ணம் ஏற்றித் தரும் செயலிகளில் கொடுக்காதீர்கள். நாடாவின் நிறத்தை அவை தாமாக ஊகித்து நிரப்பும். வேறு பதக்கம்போல் ஆகிவிடும்.

கல்லெழுத்து
கல் வேலைக்கு வருகிறேன். கடலிலிருந்து 600 மீட்டர் என்றால் பித்தளைத் தகடு வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் கறுத்துப் பச்சை பூக்கும். கருங்கல்தான் சரி, மெருகேற்றிய கறுப்பு கிரானைட். 90 × 60 × 2 செ.மீ. கல் 32 கிலோ அளவில் இருக்கும். வெறும் பசையில் நிறுத்த முடியாது.

நான்கு மூலையிலும் விளிம்பிலிருந்து 5-6 செ.மீ. உள்ளே 10 மி.மீ. துளை. வைரமுனைத் துளைக்கருவியால், தண்ணீர் ஊற்றியபடி, மெருகு முகத்திலிருந்து பின்பக்கமாகத் துளைக்கச் சொல்லுங்கள். சுத்தியல் டிரில் பட்டால் பின்பக்கம் சில்லு தெறித்து, பிறகு அங்கிருந்து விரிசல் ஓடும். போல்ட் 8 மி.மீ., 316 தர எவர்சில்வர். சாதாரண இரும்பு போட்டால் துரு வீங்கிக் கல்லையே பிளந்துவிடும், அதற்கு முன்னாலேயே பழுப்புக் கறை வழியும். சுவரின் பூச்சு 12-15 மி.மீ. இருக்கும், அது எதையும் தாங்காது. பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள் 8 செ.மீ. போக வேண்டும். உள்ளீடற்ற பிளாக் சுவர் என்றால் சல்லடை உறையோடு ரசாயனப் பிடிப்பு மருந்து போட வேண்டும். கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள், மழை ஈரம் காய வழி வேண்டும்.

எழுத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்க் கல்லெழுத்தில் பிழை வருவது கையால் செதுக்கும்போது அல்ல, கணினியில். நீங்கள் யூனிகோடில் அனுப்புவீர்கள். பட்டறையின் வரைமென்பொருள் பழையது என்றால் கொம்பு இடம் மாறும், "கொ" என்பது "க" தனி, கொம்பு தனி, கால் தனி என்று சிதறும், புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் ஏறும். அவர்கள் தங்களிடம் உள்ள பழைய எழுத்துருவில் மறுபடி தட்டச்சு செய்வார்கள். அங்கேதான் புதுப் பிழைகள் நுழைகின்றன. வழி ஒன்றுதான்: எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிய பி.டி.எஃப். கோப்பை நீங்களே செய்து கொடுங்கள், எழுத்துக் கோப்பு கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மணல்பீய்ச்சல் முறை என்றால் இன்னொன்று. ரப்பர் தாளில் எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு மணலைப் பீய்ச்சுவார்கள். எழுத்துக்குள் மூடிய வட்டம் வரும் இடங்களில், "ண", "ஞ", கொம்புச் சுழி போன்றவற்றில், நடுவில் நிற்கும் சின்ன ரப்பர் துண்டு காற்று வேகத்தில் பறந்துவிடும். வட்டம் குழியாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு நேர்மாறான ஆபத்து. சின்னத் துளை என்பதால் வெட்டிய துண்டை எடுக்க மறந்துவிடுவார்கள். "ராவ்" என்பது "ராவ" ஆகிவிடும். ஆகவே புள்ளியின் விட்டம் 3 மி.மீ.க்குக் குறையாத, கோடு 2.5 மி.மீ.க்குக் குறையாத தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். பெயருக்கு 30 மி.மீ. உயரம், உடல் வாசகத்துக்கு 18 மி.மீ. இரண்டு மீட்டரில் நின்று சிரமமில்லாமல் படிக்கலாம். ஒரு வரிக்கு 38-40 எழுத்துதான் கொள்ளும். வெட்டின் ஆழம் 2 மி.மீ.

தங்க வண்ணம் நிரப்பாதீர்கள். மேற்கு வெயிலில் இரண்டு மூன்று ஆண்டில் உரிந்து, பாதி எழுத்து தெரியும் பாதி தெரியாது. மெருகு கறுப்பில் வெட்டு தானாகவே சாம்பல் வெள்ளையாகத் தெரியும். துடைக்க வெறும் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும், ஆசிட் கூடாது.

அலைவரிசை
கல்லின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.4 மீட்டரில் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருபவரும் பள்ளிப் பிள்ளையும் அண்ணாந்து பார்க்காமல் படிக்கலாம். 1971-இல் பணியாற்றியவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள்.

நங்கூரம்
அவர்களை அழைக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் அந்தப் பகுதியில் இருக்கும் முன்னாள் கடற்படையினருக்குச் செய்தி சேர்ப்பார்கள், அதிகாரிகளுக்கு மட்டுமல்ல, சாதாரண மாலுமிகளுக்கும். கடற்படைப் பிரதிநிதி வேண்டுமானால் சென்னை ஐ.என்.எஸ். அடையாறு தளத்துக்கு இப்போதே எழுதுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் 4 கடற்படை நாள், 7 கொடிநாள். கடைசி மாதத்தில் கேட்டால் ஆள் ஒதுக்க முடியாது. கடிதத்தில் கல்லின் இறுதி வாசகத்தையும் இணையுங்கள், தவறு ஏதும் இருந்தால் அவர்களே சொல்வார்கள்.

நிகழ்ச்சி ஒழுங்கு சுருக்கமாக இருக்கட்டும்: துணி விலக்கல், வாசகத்தை ஒருவர் உரக்கப் படித்தல், மலர்வளையம், லாஸ்ட் போஸ்ட் (மறைந்த வீரருக்கான அஞ்சலி) ஊதல், இரண்டு நிமிட மௌனம், விழிப்பு ஊதல். ஊதுபவர் இல்லையென்றால் ஒலிப்பதிவு போதும். ஆனால் இரண்டு ஊதலும் தனித்தனிக் கோப்பாக இருக்க வேண்டும். ஒரே கோப்பு என்றால் நடுவில் உள்ள மௌனம் பதிவில் இருக்கும் சில நொடிகளோடு முடிந்துவிடும், எல்லோரும் தலைகுனிந்து நிற்கும்போதே அடுத்த ஊதல் தொடங்கிவிடும்.

வாசகத்தில் ஒரு வேண்டுகோள். கில்தானின் மாலுமிகளுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். கப்பல் தலைவர் மேல்தளத்தில் நின்று முடிவெடுக்கிறார். கீழே எஞ்சின் அறையில் இருப்பவருக்கு வெளியே என்ன நடக்கிறது என்றே தெரியாது, அவர் வேகத்தைக் குறையாமல் காப்பதில்தான் எல்லோருடைய உயிரும் இருக்கிறது. பெட்யாவில் நடுச் சுழலிக்கு டீசல், இரு பக்கச் சுழலிக்கும் வாயுச் சுழலி. அதை இரவு முழுக்கச் சோர்வில்லாமல் ஓட்டியவர்கள் அவர்கள்.

கைபரில் மட்டும் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் "மூழ்கடித்தார்", "எரித்தார்" போன்ற சொற்கள் இல்லாமலே எழுதலாம் என்று தோன்றுகிறது. அவர் செய்தது என்ன என்று சொன்னாலே பெருமை போதுமான அளவு இருக்கிறது.

நூலக_அறை
எல்லோர் சொன்னதையும் சேர்த்து எழுதியது:

கமோடோர்
காசர்கோடு பட்ணஷெட்டி கோபால் ராவ்
மகாவீர் சக்ரா, விசிஷ்ட சேவா பதக்கம்
இந்தியக் கடற்படை
1926 – 2021

1971 டிசம்பர் 4-5 இரவு, ஐ.என்.எஸ். கில்தான் கப்பலின் தலைவராக, கமாண்டர் பதவியில், கராச்சியை நோக்கிச் சென்ற ஏவுகணைப் படகுகளுடன் பணிக்குழுவை எதிரிக் கடலுக்குள் வழிநடத்தினார்.

அன்றிரவு கில்தான், கட்சால், நிபாத், நிர்காத், வீர் ஆகியவற்றில் பணியாற்றிய ஒவ்வொருவரையும் இக்கல் நினைவில் கொள்கிறது.

மறைந்த நாள் 2021 ஆகஸ்ட் 9 என்பதையும் முழுதாகப் போடலாமா? சென்னையில், 94 வயதில்.

அரசிதழ்_தேடி
வாசகம் நன்றாக இருக்கிறது. ஆண்டு மட்டுமே போதும். முழுத் தேதி போட்டால் கண் அங்கே போய் நிற்கும். இந்தக் கல்லில் நிற்க வேண்டிய தேதி டிசம்பர் 4-5. மறைந்த நாளை உள்ளே படத்தின் கீழ் எழுதுங்கள். விருதின் வரிசையும் சரிதான், மகாவீர் சக்ரா முன்னால், விசிஷ்ட சேவா பின்னால்.

"எதிரிக் கடலுக்குள்" என்பதைவிட "கராச்சி கடற்பகுதிக்குள்" என்பது துல்லியம். ஆனால் கராச்சி ஏற்கெனவே அதே வாக்கியத்தில் வருவதால் உங்கள் சொல்லே இருக்கட்டும்.

சிறுகப்பல்
ஓவியத்தின் கீழே சிறு எழுத்தில் "ஒரே அளவு விகிதத்தில்" என்று சேருங்கள். அது இல்லாவிட்டால் படகு தூரத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அந்த எழுத்தும் 12 மி.மீ.க்குக் குறைய வேண்டாம்.

கல்லெழுத்து
அந்த 12 மி.மீ. வரியில் புள்ளி 3 மி.மீ. வராது, 2 மி.மீ.தான் வரும். அந்த ஒரு வரியை மட்டும் மணல் பீய்ச்சாமல் கையுளியால் வெட்டச் சொல்லுங்கள்.

வெட்டும் முன் முழு அளவில், 90 × 60 காகிதத்தில் அச்செடுத்து அந்தச் சுவரிலேயே ஒட்டிப் பாருங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, வாசகத்தை எழுதாத ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். எழுதியவர் கண்ணுக்குப் பிழை படாது. இன்னொருவர் புள்ளிகளை மட்டும் எண்ணட்டும். காகிதத்தில் எத்தனை புள்ளியோ அத்தனை புள்ளி ரப்பர் தாளிலும் துளையாக இருக்கிறதா என்று பட்டறையில் நின்று எண்ணிவிட்டு, அதற்குப் பிறகு மணலைத் திறக்கச் சொல்லுங்கள்.

நூலக_அறை
எண்ணிவிட்டு இங்கே எழுதுகிறேன். காகித அச்சு வியாழக்கிழமை வருகிறது.